இழவு சொல்ல வந்தவன்

என்னைக் கொல்லப் போவதாக சூசைமாணிக்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். நானும், சரி கொன்னுக்கோ என்றேன். நாவலில்தானே. அவன் அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘வெள்ளை நாடா’வில் வருகிற சிப்பாய் நான்தான். பெயரும் என் பெயர்தான், சின்னராஜ். பேரை மாத்தட்டுமா என்று கேட்டவனிடம், மாத்தாதடா, எங்க தலைச்சோலை ஊர்க்காரன் பேரும் புஸ்தகத்துல வரட்டும் என்று நான்தான் வீறாப்பாகச் சொன்னேன்.

“அதுக்கு எதுக்குடா சாகடிக்கற?” என்று கேட்டேன்.

“உசுரோட இருக்கறவனுக்கு எவன்டா அழுவான்?” என்றான்.

அழுதார்கள். பக்கம் பக்கமாகக் கடிதம் போட்டு அழுதார்கள். அவனுக்கு டெல்லியில் விருது கொடுத்தார்கள். அவனைப் பார்ப்பதற்கென்றே ஏற்காட்டுக்கு ஆட்கள் மலையேறி வருவார்கள். நான் பக்கத்தில் இருந்தால், “இவன்தாங்க செத்துப்போன சின்னராஜ்” என்று அறிமுகம் செய்வான். வந்தவர்கள் முகம் சுருங்கிப் போகும். மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா, “நீங்க இருக்கீங்களா?” என்று கேட்ட தொனியில், அவர் வடித்த கண்ணீரை நான் திருப்பித் தர வேண்டும்போல இருந்தது. அவர் போனபிறகு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் மனைவி கண்ணம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ கதையைச் சொல்லிவிட்டார்கள். நேரே சேர்வராயன் கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த முறை சூசை வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள். “கைப்புள்ளையோட இருக்கறவ தாலிய அறுத்துப் போட்டீங்களே அண்ணா, உங்க பேனாவுக்கு வேற வேலையே இல்லீங்களா?” என்று கேட்டாள். அரை வருஷம் போல அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை.

நடந்தது என்னவென்றால், நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது தேறியவர்கள். அவன் கொட்டச்சேடு எஸ்டேட் ரைட்டரின் மகன், மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரன். நான் காட்டில் தினையும் ஆரஞ்சும் போட்டவன் மகன். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் எங்களை மேற்கு எல்லைக்கு அனுப்பினார்கள். மண்ணில் புதைத்த கண்ணிவெடியைக் குத்திப் பார்த்து எடுத்துவிட்டு, டாங்கிகள் வருவதற்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டி வழி காட்டுவது எங்கள் வேலை. நான் முன்னால் படுத்துக் குத்திக்கொண்டே போவேன். அவன் பின்னால் நாடா கட்டிக்கொண்டு வருவான். ஒரு நாள் வெடித்தது. அவன் நாடா இல்லாத மண்ணில் ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போனான். இடது காலில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

நாவலில் நான் அவன் மடியில் சாகிறேன். பிறகு அவன் லீவில் வந்து, என் இளம் மனைவிக்கு இழவு சொல்ல மலையேறுகிறான். பஸ்ஸை விட்டு இறங்குகிறான். எங்கள் வீட்டுக்கு ஏறுகிற தடத்தில் கால் வைக்க முடியாமல் திரும்பிப் போகிறான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடும். அந்த முடிவைத்தான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அத்தன தூரம் வந்தவன் ஒரு எட்டு மேல வந்து சொல்லிட்டுப் போனா என்னடா?” என்று சண்டை போட்டேன். “சொல்லிட்டா முடிஞ்சிருமேடா” என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு ஆட்கள். மகள் மரியபுஷ்பம் கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். சேலத்து டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அதற்கு மேல் அவரிடமும் ஒன்றும் இல்லை.

அதிலும் ஒரு கூத்து என்னவென்றால், அவன் வாழ்ந்ததெல்லாம் போய்விட்டது, எழுதியது தங்கிவிட்டது. வாழ்ந்தது ஒரு தடவை. எழுதியதை அடித்து அடித்துப் பத்துத் தடவை எழுதி, ஊர் ஊராய் மேடையில் படித்தும் காட்டியிருக்கிறான். எது நிற்கும்?

ஒரு நாள் தோட்டத்து மிளகு கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். “வாங்க, உக்காருங்க. நீங்க யாருங்க?” என்றான். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். வாடா போடாவைத் தவிர வேறு ஒன்றும் அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த ‘ங்க’ என்னைக் கன்னத்தில் அறைந்தது. “டேய், நான்தான்டா, சின்னராஜ்” என்றேன். அவன் கண் நிறைந்துவிட்டது. “அவன் பேரச் சொல்லி வெளையாடாதீங்க. அவன் என் மடியிலதாங்க போனான்” என்றான்.

எனக்குப் பொறுமை கிடையாது. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினேன். அவன் விரல் இல்லாத இடத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தான். “நீங்களும் பட்டாளமுங்களா? பாவமுங்க. ஆனா அவனுக்குக் கால்ல இல்லீங்க, நெஞ்சுல பட்டுது” என்றான். நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். அவன் பயந்து எழுந்துபோய் மகள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். “வேண்டாங்க மாமா” என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இறங்கிவந்து, ஏரியைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

அதற்குப் பிறகும் போவேன். பட்டாளத்துக்காரர் ஒருத்தர் என்கிற அளவில் என்னைச் சேர்த்துக்கொண்டான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சின்னராஜ் செத்த கதையை ஆரம்பித்துவிடுவான். அழுவான். நானும் என் சாவைக் கேட்டுக்கொண்டு, “ஆமாங்க, ஆமாங்க” என்று உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “டேய் சின்னராஜு” என்று கூப்பிடமாட்டானா என்று காத்திருப்பேன். வேறு எதற்கு அங்கே போகிறேன்?

இந்த ஐப்பசி மழையில் புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டது. விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கேட்டண்டை போய் நிற்பான். தலைச்சோலைக்குப் போகணும், சின்னராஜ் சம்சாரத்துக்குச் சொல்லணும். மரியபுஷ்பம் கேட்டைப் பூட்டினாள். அவன் சாப்பாட்டை நிறுத்தினான். “எழவு சொல்லாம எனக்கெப்படி சாமி சோறு எறங்கும்?” என்று அவளிடமே கேட்டான். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஆள் துணிமாட்டுகிற கம்பி மாதிரி ஆகிவிட்டான். அவள் எனக்கு போன் போட்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூட்டிக்கொண்டு போய்விடுவோம். எங்கள் வீட்டில் அவன் தின்னாத களியா, தூங்காத தூக்கமா? அந்த வாசலையும் கண்ணம்மாளையும், அவள் பக்கத்தில் என்னையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே போகும் நினைவு? வந்துதானே ஆக வேண்டும். கண்ணம்மாளுக்கு போன் போட்டு, “சூசையக் கூட்டிட்டு வர்றேன், களியும் அவரக்கொட்டக் குழம்பும் வெச்சிரு” என்று மட்டும் சொன்னேன். மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றுகிற தனபாலின் ஜீப்பை வாடகைக்குப் பேசிக்கொண்டு போனேன்.

ஜீப்பில் அவனை நடுவில் உட்காரவைத்தோம். மரியபுஷ்பம் அவன் கையைப் பிடித்திருந்தாள். தடத்தில் நானே அவனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினேன். நாவலில் நின்ற கால் இப்போது நிற்கவில்லை. இதோ, இன்னும் நாலு எட்டு, இதோ.

கண்ணம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “வாங்கண்ணா, என்னங்கண்ணா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? உள்ள வாங்க” என்றாள். அவன் வாசலோடு நின்றுவிட்டான். எங்கள் பக்கம் இழவு சொல்ல வருகிறவன் வீட்டுக்குள் வரமாட்டான், பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். கொட்டச்சேட்டில் பிறந்தவனுக்கு அது மறக்கவில்லை. என்னை மறந்துவிட்டான், அதை மறக்கவில்லை. நான் போய்க் கண்ணம்மாள் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டேன், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

அவன் கைகூப்பினான். “அம்மிணி, நான் சூசைமாணிக்கம். உங்க ஊட்டுக்காரருகூட ஒண்ணா இருந்தவன். சின்னராஜு... தவறிட்டானுங்க” என்றான்.

கண்ணம்மாள் பதறிப்போனாள். “ஐயோ, என்னங்கண்ணா சொல்றீங்க, இதா நிக்கறாருங்களே!” என்று என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நன்றாக, நேராக, கண்ணுக்குள் பார்த்தான்.

“இவரு வழி காட்ட வந்தவருங்க” என்றான்.

பிறகு தூறலில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “நீங்க நம்பமாட்டீங்கன்னு தெரியும் அம்மிணி. நொம்ப நேரம் கஷ்டப்படலீங்க. கடசீல உங்க பேரத்தான் சொன்னான்” என்றான். உண்மையில் அன்றைக்கு நான் அவன் பெயரைத்தான் கத்தினேன். சூசை, உட்டுட்டுப் போயிராதடா என்று கத்தினேன். “நீங்க அழாம நான் போகமுடியாதுங்க. சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போயிரும்” என்று தேம்பினான். மரியபுஷ்பம் தூக்கிப் பார்த்தாள். அந்த எலும்புக்கு எங்கிருந்து அத்தனை கனம் வந்ததோ, அசையவில்லை.

கண்ணம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இவன் இந்த மழையில் இப்படியே கிடந்து போய்விடுவான். நான் தலையை ஆட்டினேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, “என்ன ஆண்ட மகராசா” என்று எடுத்தாள் பாருங்கள், எனக்கே உடம்பு சில்லிட்டுப் போனது. ஒரு கையால் மாரில் அடித்துக்கொண்டாள். இன்னொரு கை முந்தானைக்குள் தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது. காட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டிய பையோடு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பேயடித்தது போல நின்றார்கள். என் சாவுக்கு வந்தவர்களை, ஒண்ணுமில்லீங்க, போங்க என்று நானே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

சூசை எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் தடத்தில் இறங்கிப் போனான். ஜீப் போனபிறகு கண்ணம்மாள் கிண்டிய களியை அப்படியே மாட்டுக்கு வைத்தாள். “இன்னொருக்கா இந்த வேலைய எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள். அன்று முழுக்க என்னைக் கண்ணுக்கெட்டாத தூரம் போகவிடவில்லை.

சாயங்காலமே மரியபுஷ்பம் போன் செய்தாள். “மாமா, அப்பா கேட்டு வாங்கி சாப்பிட்டாருங்க. இப்ப நல்லாத் தூங்கறாரு” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

மழை விட்டபிறகு போனேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. “வாங்க, உக்காருங்க” என்றான். நானும் உட்கார்ந்து, அவன் ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்ததைச் சொன்னான். பனியைப் பற்றிச் சொன்னான். சின்னராஜ் செத்த கதை மட்டும் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“உங்க சினேகிதரு ஒருத்தர் இருந்தாருங்களே, பட்டாளத்துல. சின்னராஜுன்னு” என்றேன்.

அவன் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தான். “தெரியலீங்களே. உங்களுக்குச் சொந்தமுங்களா?” என்றான்.

அழுதுகொண்டிருந்த வரைக்கும் செத்தவனாகவாவது அவனுக்குள் இருந்தேன். சோறு இறங்கட்டும் என்று நான்தான் தலையை ஆட்டி என்னை வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். இனி அவனிடம் போய் எதைச் சொல்லி, எதைக் காட்டி உள்ளே நுழைவது?

மரியபுஷ்பம் காப்பி கொண்டுவந்தாள். “அப்பா இன்னிக்கு எவ்வளவு நல்லா இருக்காரு பாருங்க மாமா” என்றாள்.

“ஆமா சாமி” என்றேன்.