காரணம் தெரியாத கை

இந்த ஒரு கூடைக்கு மட்டும் சும்மா இரு. உனக்குப் புண்ணியமாகப் போகும். இது காரல் மீன். நமக்குக் காரல் வேண்டாம். போன வாரம் நீ வாங்கித் தந்த காரலே இன்னும் முற்றத்தில் காய்கிறது, காக்கைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தது பாறை மீன் வரும். அதற்கு வேண்டுமானால் எழுந்திரு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

லீமாரோஸ் தன் இடக்கையிடம் மனதுக்குள் இப்படி மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அது எழுந்தது. அவசரமே இல்லாமல், முழங்கை நிமிர்ந்து, விரல்கள் விரிந்து, அவள் தலைக்கு மேலே போய் நின்றது. ஏலம் விட்டுக்கொண்டிருந்த சகாயம் பார்த்துவிட்டான். கரைமணலில் வட்டமாக நின்று மீன் எடுக்கும் இடத்தில், கை தூக்கினால் விலையை ஏற்றிக் கேட்டதாக அர்த்தம். அவன் மூன்று தரம் சொன்னான். காரல் அவளுடையதாயிற்று. அன்றைக்கு அது மூன்றாவது கூடை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பாம்பன் வீடுகளில் காரல் சொதி வைப்பார்கள். மற்றபடி அந்த முள்ளோடு மல்லுக்கட்ட அவளுடைய வாடிக்கைக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்குக் கை எடுத்த மூன்று கூடையையும் விற்க, அந்த வாரமே பாம்பனில் முப்பது பிரசவமாவது நடந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்து இரண்டுதான் நடந்தது. அதில் ஒருத்தி மீனே சாப்பிடாத ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி.

இது தொடங்கியது முந்தின டிசம்பரில், புதுப்பைசா வந்த வருஷத்துச் சவேரியார் திருவிழாவில். அவர்கள் குப்பத்துக் கோயில் சின்னது, சவேரியாரின் மரச்சுருபம் பெரியது. சவேரியார் வலக்கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்திருப்பார். சப்பரத்தை முன்னால் தூக்கிய நால்வரில் அவள் புருஷன் மரியதாசும் ஒருவன். அவன் கால் நண்டு வளைக்குள் இறங்கியது. சப்பரம் சாய்ந்தது. வருஷக்கணக்கில் மழையில் ஊறிய மரக்கை தோளோடு கழன்று, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஓரமாக வந்த லீமாரோசின் தலையில், வலப்பக்கம் விழுந்தது. அவள் விழுந்தும் மெழுகுவர்த்தி அணையவில்லை என்று, கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் பிறகு எல்லோரிடமும் சொல்லிவந்தார். அது அணைந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். நினைவு தப்புவதற்கு முன் அவள் கண்டது அந்தப் புகையைத்தான்.

நாலைந்து நாள் தலைசுற்றல் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. பத்தாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இடக்கை முதல்முறையாக எழுந்தது. அவள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று மரியதாஸ் வாசலை எட்டிப் பார்த்தான்.

ஊருக்கு விளக்கம் தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. கை விழுந்தது, கை எழுகிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோன புனிதர் அல்லவா அவர் என்றார் உபதேசியார். அவருடைய வலக்கை மட்டும் ரோமாபுரியில் தனியாக இருப்பதையும் நினைவுபடுத்தினார். அப்படியென்றால் இவளுக்கு ஏன் இடக்கை எழுகிறது என்று ஜோதிமேரி கேட்டாள். அவளும் மீன்காரிதான், வட்டத்தில் லீமாரோசுக்குப் பக்கத்தில் நிற்பவள். உபதேசியார் இரண்டு வாரம் யோசித்தார். சுருபம் நம்மைப் பார்த்து நிற்கிறது, ஆகவே அவருடைய வலது நமக்கு இடது, கண்ணாடியில் தெரிகிற மாதிரி என்று சொன்னார். ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. எல்லோரையும்விட மரியதாஸ் அதிக நிம்மதியடைந்தான். புனிதர் தாமாகவே இறங்கி வந்தார் என்றால் நண்டு வளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

லீமாரோசுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் சவேரியாரிடம் எல்லாம் சொல்லி வந்திருக்கிறாள். பிள்ளையில்லாததை, மரியதாசின் கோபத்தை, தன்னுடைய பொறாமைகளை. ஒருநாளும் அவர் பதில் சொன்னதில்லை. அந்த மௌனத்தில் ஒரு மரியாதை இருந்தது. அப்படிப்பட்டவர் திடீரென்று கரைக்கு வந்து காரலை ஏலம் கேட்பாரா? அத்தனை காரலை வைத்துக்கொண்டு ஒரு புனிதர் என்ன செய்வார்?

மூன்று கூடை எடுத்த அன்று சகாயம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான் பேசினான்.

“யார் கேட்டதுன்னு தெரியாம ஏலம் விட ஏலாது மதினி. நீங்கதான் தூக்குறீகன்னா மீனை எடுங்க. சவேரியார் தூக்குறாருன்னா அந்தக் கையை நான் கணக்குல சேக்கல, உங்க வலக்கையை மட்டும் பாக்குறேன். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து வட்டத்துல நில்லுங்க.”

அதுவரை அவள் வட்டத்துக்குள் வரக் கூடாது என்று ஆயிற்று. ஜோதிமேரி எடுத்து, கழித்து ஒதுக்கியதைத்தான் அவள் வாங்கி விற்க வேண்டியிருந்தது. பதினாறு வருஷமாக அந்த வட்டத்தில் அவளுக்கென்று ஒரு காலடி இடம் இருந்தது. அவளுக்குச் சொந்தமென்று சொல்லத் தக்க இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்பது, அங்கிருந்து வெளியே வந்து நின்ற பிறகே அவளுக்குப் புரிந்தது.

பாம்பனில் அவளிடம் மீன் வாங்கும் நூர் நிஷா அவளைப் பாக்கர் ஹக்கீமிடம் அழைத்துப் போனாள். ஹக்கீம் கண்ணை மூடி வலக்கையில் நாடி பார்த்தார். இடக்கை எழுந்து, போகிற வழியில் அவருடைய தொப்பியையும் எடுத்துக்கொண்டு உயரே போயிற்று. அது கீழே வரும்வரை மூவரும் காத்திருந்தார்கள். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, வாயு என்றார் ஹக்கீம். ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டாள். பசி நன்றாக எடுத்தது. கையும் இன்னும் தெம்பாக எழுந்தது.

பிறகுதான் மதுரைக்குப் போக முடிவு செய்தாள். மரியதாஸ் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான். ரயில் நின்ற இடமெல்லாம் கை ஜன்னலுக்கு வெளியே போய், பரமக்குடியில் இரண்டு பொட்டலம் வடையையும் மானாமதுரையில் ஒரு மண்பானையையும் வரவழைத்தது. அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டே அவர்கள் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் இளவயதுக்காரர். அவர் முன்னால் கை எழவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல மடியில் கிடந்தது. எப்படி எழும் என்று மரியதாஸ் தன் கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டாவது தடவை காட்டியதும் டாக்டர் அவனையும் உட்கார வைத்துக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

பிறகு அவள் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது.

“இது யாரு தூக்குனது டாக்டரய்யா? நானா, நீங்களா?” என்று கேட்டாள்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவளையே திருப்பிக் கேட்டார்.

“கையை நீங்க தூக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஊசியால் குத்தினார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். கை அசையவில்லை. விடைபெற்று அறை வாசல் வரை போனபோதுதான் அது எழுந்தது. போய் வருகிறேன் என்கிறாளாக்கும் என்று நினைத்து டாக்டரும் கையைத் தூக்கினார். இருவரும் அப்படியே இருந்தார்கள். அவருடைய கை இறங்கி வெகுநேரமாகியும் அவளுடையது இறங்காததைக் கண்டபிறகே நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

வலப்பக்கம் பட்ட அடி இடக்கையில் தெரிவதில் ஆச்சரியமில்லை, மூளையின் வேலை அப்படிக் குறுக்காகத்தான் நடக்கிறது என்று சொன்னார். ஆனால் மூளைத் தழும்பினால் வரும் வலிப்பு என்றால் கை உதற வேண்டும், இப்படி நிதானமாக எழுந்து நிற்காது. நடுவில் நினைவும் தப்பவில்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதமாக அவள் பார்த்த மனிதர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உபதேசியாருக்கு, ஹக்கீமுக்கு, மரியதாசுக்கு, கூடை சுமக்கிறவர்களுக்குக்கூட. தெரியவில்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னாள். அவர் தயங்கி, ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். தூக்கம் வருகிற மாத்திரையும் கொடுத்தார். அவளுக்குத் தூக்கம் வந்தது, கைக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது மரியதாஸ் பானையின்மேல் தலை சாய்த்துத் தூங்கினான். அவள் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கலாம் என்று முதலில் நினைத்தேனா, எழுந்தபின் நான்தான் தூக்கினேன் என்று எண்ணிக்கொண்டேனா? மறுபடி தூக்கினாள். எவ்வளவு கவனித்தாலும், நினைப்புக்கும் கைக்கும் நடுவில் ஓர் இடம் இருட்டாகவே இருந்தது. அப்படிப் பார்த்தால் இந்த வலக்கையும் தெரியாத கைதான். இத்தனை வருஷமாக அது சொன்னபடி கேட்டதால் விசாரிக்கத் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே இருந்த பெரியவர், இந்தப் பெண் எதற்காக மாற்றி மாற்றிக் கையைத் தூக்குகிறது என்று பயந்து, மூட்டையோடு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

சீட்டைச் சகாயத்திடம் கொடுத்தாள். அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். தெரியாது என்று கேட்டுவரவா மதுரை வரைக்கும் போனீர்கள், அது இங்கே எங்களுக்கே தெரியாதே என்றான். வட்டத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவளை வட்டத்துக்குள் விடவில்லை.

நவம்பரில், திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் நடக்கும் நவநாள் ஜெபம் தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். உபதேசியார், சகாயம், அவர்களை அழைத்து வந்த பாவனையில் மரியதாஸ். லீமாரோஸ் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுருபத்துக்குப் புதுக்கை தயாராகிவிட்டதாம். இந்த வருஷம் தங்கச்சிமடத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் ஆள் வரும் என்று உபதேசியார் சொன்னார். திருவிழா அன்று சப்பரத்துக்குப் பக்கத்தில் நின்று, என் கையைத் தூக்குகிறவர் சவேரியார் என்று அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நெஞ்சறியப் பொய் சொல்லச் சொல்லவில்லை, இருக்கலாம் அல்லவா என்றார்.

“மறுநாளே வட்டத்துக்கு வந்துருங்க மதினி,” என்றான் சகாயம். “உங்க இடத்துல யாரையும் நிக்க விடாமத்தான் வச்சிருக்கேன்.”

அது அவளை ஆட்டிவிட்டது. அந்தக் காலடி மணல் காலியாக இருப்பதை அவள் ஒவ்வொரு விடியலிலும் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை. சவேரியார் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், எதற்குமே பதில் சொல்லாதவர் இதற்கா சொல்லப்போகிறார். ஆனால் சொல்லிவிட்டால் பிறகு நாளெல்லாம் அவரிடம் எதைப் பேசினாலும் அந்த வார்த்தை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளேயிருக்கும் அந்த இருட்டு இடத்தைப் பற்றி இனி யோசிக்கவும் முடியாது. அங்கே யார் இருக்கிறார் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டதே.

“சொல்லு லீமா,” என்றான் மரியதாஸ். “உனக்கென்ன நட்டம்?”

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“சவேரியார்னு சொல்ல மாட்டேன் உபதேசியாரே. இல்லன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது,” என்றாள். பிறகு, அவர்கள் நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்துப் பாயை விரித்துப் போட்டாள். “உக்காருங்க. கருப்பட்டிக் காப்பி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க.”