இரண்டாம் குரலுக்கு விட்ட இடம்

பதினேழு வருஷம் அக்காவும் தங்கையும் ஒரே மைக்கில் பாடினார்கள். தங்கை பாட்டெழுதி, கிட்டார் வாசித்து, முதல் குரல் பாடுவாள். அக்கா ஒவ்வொரு வரியின் பின்பாதியிலும் மேலே ஏறி வந்து சேர்ந்துகொள்வாள். அக்கா வீட்டுக்காரர் டிரம்ஸ். பழைய நாட்டுப்புற மெட்டுகளில் ராக் தாளத்தைக் கலந்த அவர்கள் பாட்டுக்குப் பெரிய கூட்டம் ஒன்றும் வராது. ஆனால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

பிறகு அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. உயிர் தப்பியது, குரல் போனது. மிஞ்சியது காகிதத்தைக் கசக்குவது போன்ற ஒரு கிசுகிசுப்பு. அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் டிரம்ஸை உறை போட்டு மூடிவிட்டு, முன்பு பார்த்த லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கே திரும்பினார். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒத்திகைக்கு வருகிறாயா என்று ஒருவரை ஒருவர் கேட்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

தங்கை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு, நாள் முழுக்க மற்றவர்களின் பயத்தை மிதித்து நிறுத்துகிற வேலை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மாணவர்கள் திணறும்போது அவள் மனதுக்குள் வரிகள் வரும். ஒருமுறை அவள் வரியில் மூழ்கி பிரேக்கை மறந்துவிட, ஓட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் குப்பைத்தொட்டியை இடித்தார். தப்பு தன்னுடையது என்றே அவர் கடைசிவரை நம்பினார். அவளும் திருத்தவில்லை.

மூன்று வருஷத்தில் ஒன்பது பாட்டு சேர்ந்தது. தனி ஆல்பம் போடலாம் என்று சொன்னது ரெக்கார்டிங் எஞ்சினியர். எல்லாரும் அவரைத் தாடி என்பார்கள், தாடியை எடுத்து ரொம்ப நாளாகியும். அவருடைய ஸ்டுடியோ சோபா தைக்கும் பட்டறைக்கு மேல்மாடி. கீழே ஆணி அடிக்கும் சத்தம் ஓய்கிற சாப்பாட்டு நேரத்தில்தான் பாட முடியும். அவளும் அந்த நேரம் பார்த்து வகுப்புகளுக்கு இடையே ஓடி வருவாள்.

முதல் நாளே தாடி ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவள் முகம் வலப்பக்கம் திரும்பியது. குரல் மைக்கை விட்டு விலகிப் போனது. அங்கே யாரும் இல்லை. அக்கா நின்ற பக்கம் அது.

அவர் மைக்கைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டாம் குரலையும் நீயே பாடிவிடு, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றார். பாடிப் பார்த்தாள். கேட்டபோது, ஆளில்லாத வீட்டில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல் இருந்தது. அழிக்கச் சொன்னாள். வேறு பாடகியைக் கூப்பிடலாமா என்றதற்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே பேச்சை மாற்றினார். கடைசியில் அந்த இடங்களைக் காலியாகவே விட்டாள். நாலாவது பாட்டில் இரண்டு வரி:

நீ போன பாதையில வண்டி போகல
நான் நின்ன தரை மட்டும் இன்னும் ஆறல

இந்த இரண்டு வரிக்குப் பிறகு, அக்கா ஏறி வர வேண்டிய நேரத்துக்கு, கிட்டார் மட்டும் தனியாக நடக்கும்.

ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே காரை நிழலில் நிறுத்திவிட்டு, போனில் சேமித்து வைத்திருந்த பழைய ஒலிப்பதிவைக் கேட்பாள். பாட்டு அல்ல. தன் குடையை எடுத்துப்போய்த் தொலைத்ததற்காக அக்கா திட்டுவது. நாற்பது விநாடித் திட்டு. அவளுக்கு மனப்பாடம். அந்தப் பழைய குரல் திட்டாகவாவது இருக்கிறதே என்று கேட்பாள்.

ஆல்பம் வெளியாக மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போய்விட்டார். தங்கை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பாட்டு அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எந்த இடம் ஓடுகிறது என்று தெரிந்தது. காலி இடம் வரும்போதெல்லாம் அக்காவின் தொண்டை அசைந்தது. தோள் உயர்ந்து மூச்சு உள்ளே போய், அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. ஒன்பது பாட்டையும் அக்கா விடாமல் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எனக்கு இடம் விட்டிருக்க," என்றாள், அந்தக் கிசுகிசுப்பில்.

"ஆமாக்கா."

"யாரு விடச் சொன்னா?"

வேறு யாரையும் அங்கே வைக்க மனசு வரவில்லை என்று தங்கை முணுமுணுத்தாள்.

"அந்த இடம் வந்தா நான் மூச்சு எடுத்துடறேன். அப்புறம்தான் முடியாதுன்னு ஞாபகம் வருது. ஒன்பது பாட்டுலயும் என்னை வாசல்லயே நிக்க வச்சிருக்கடி."

தங்கை அழுதாள். அக்கா அழவிட்டாள், சமாதானம் சொல்லவில்லை. அழுது முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலை விஷயம் பேசுகிறவள் போல் பேசினாள். இந்தப் பாட்டெல்லாம் சுருதி தப்பு என்றாள். மேலே ஏறுகிற என் குரலுக்குத் தோதாக நீ பழகிய சுருதி இது, தனியாகப் பாடுகிறவளுக்கு எதற்கு இவ்வளவு உயரம், ஒன்றரைக் கட்டை இறக்கு, வரியை நீயே முழுசாக எடுத்துப்போய் முடி. இவ்வளவையும் சொல்லி முடிக்க அவள் நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வெளியீடு தள்ளிப்போனது. தாடி தலையில் கை வைத்தார், பிறகு மைக்கை நேராக வைத்தார். அக்கா ஒரு நாள் கடைக்கு விடுப்பு போட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தாடி பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டினாள். முதல் சீட்டு: கத்தாதே. இரண்டாவது: இன்னும் கத்துகிறாய். ஐந்தாவது தடவை பாடும்போது, தாழ்ந்த சுருதியில், தங்கைக்குத் தன்னுடையது என்றே தெரியாத ஒரு குரல் வந்தது. கனமாக, அவசரமில்லாமல் வந்தது. நாலாவது பாட்டின் அந்த இரண்டு வரியைத் தாண்டி அவளே போய், அவளே முடித்தாள்.

முடித்ததும் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள். அவள் தொண்டை அசையவில்லை. நல்லதற்குத்தான் என்று தெரிந்தும், அந்த அசைவின்மையைத் தங்கையால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று படியிறங்கி, பட்டறையில் பாதி தைத்த ஒரு சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆல்பம் வந்தது. வானொலியில் இரண்டு பாட்டு அடிக்கடி ஓடியது. மற்ற ஊர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அக்கா வரவில்லையா என்று கேட்டார்கள். அக்கா எந்த நிகழ்ச்சிக்கும் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பாட்டைக் கேட்க முடிகிறது, மேடையைப் பார்க்கத்தான் முடியவில்லை என்றாள். தங்கை வற்புறுத்தவில்லை.

கல்லூரி அரங்கு ஒன்றில் பிற்பகல் நிகழ்ச்சி. டிரம்ஸுக்கு உள்ளூர்ப் பையன் ஒருவன். பாடிக்கொண்டிருக்கும்போது, வலப்பக்கம் திரும்பாமலிருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கையில், பின்கதவு வழியாக அக்கா வீட்டுக்காரர் தலையை நீட்டினார். அவரைப் பார்த்ததும் அக்காவும் வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"கடைசி வரிசையில இருந்தா. கிளம்பு கிளம்புன்னுட்டா. உங்கிட்ட சொல்லாமப் போக எனக்குத்தான் மனசு கேக்கல," என்றார்.

வயரைப் போட்டுவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு அவருக்கு முன்னால் ஓடினாள். கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. அக்காவின் பழைய நீலக் கார் அவற்றில் இல்லை. பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த மாமா, காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, "என்னையும் விட்டுட்டுப் போயிட்டாளே," என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து செய்தி. "மூணாவது பாட்டுல ஓடுற. நிதானமாப் பாடு. மாமாவைக் கொண்டுவந்து விட்டுடு."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். வாங்க மாமா, டிரம்ஸைக் கழற்றி உறையில் போட ஆள் வேண்டும் என்று சொல்லி, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.