பழைய வரைபடத்தின் எண்கள்

என் தம்பி யூஸ்டைனின் தலைக்குள் இருப்பது மூளையா, மீன் ஈரலா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். மூடுபனி வரும் என்று வானொலி தொண்டை கிழியக் கத்தியும், சின்னப் படகில் தனியாக ஹாலிபட் மீன் பிடிக்கப் போனான். வடக்கு நார்வேக் கடலில் அப்படிப் போகிறவனை என்னவென்று சொல்வது? பாறையில் மோதிப் படகை மூழ்கடித்துவிட்டு, வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, பாறை மேல ஏறி நிக்கிறேன். கடல் ஏறிக்கிட்டே இருக்கு. முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு."

"கையில ஜிபிஎஸ் இருக்கில்ல? நிக்கிற இடத்தோட எண்ணைப் படிடா."

பற்கள் தந்தியடிக்கப் படித்தான். என் கணவர் ஹால்வார் அதை எங்கள் படகுத் திரையில் ஏற்றினார். மீட்புக் கப்பலும் கிளம்பியிருந்தது. ஆனால் அது வருவதற்குள் பாறை முங்கிவிடும். பக்கத்தில் இருந்தது நாங்கள்தான். அவன் இல்லாமல் கரை திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தேன்.

எங்கள் படகின் முனையே எனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. திரையைப் பார்த்தேதான் போனோம். எங்கள் படகைக் காட்டும் அம்பு, அவன் சொன்ன புள்ளியின் மேல் போய் நின்றது. எட்டிப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர். பாறையும் இல்லை, தம்பியும் இல்லை.

"கத்துடா யூஸ்டைன்!"

குரல் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் பனி சொல்லவிடவில்லை. சுற்றிலும் தண்ணீருக்கடியில் பாறைகள். குருட்டாம்போக்கில் தேடினால் நாங்களும் சேர்ந்து முங்க வேண்டியதுதான்.

"குளிர்ல தப்பாப் படிச்சிருப்பான் உன் தம்பி," என்றார் ஹால்வார்.

திரும்பப் படிக்கச் சொன்னேன். அதே எண்கள். "அக்கா, இடுப்புக்கு வந்துடுச்சு," என்றான்.

"அப்ப செயற்கைக்கோள் பொய் சொல்லுதா?" என்றார் ஹால்வார்.

"அது ஏங்க பொய் சொல்லப்போகுது?"

செயற்கைக்கோள் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும்தான் அனுப்புகிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்ததும், நாம் நிற்கும் இடத்தைக் கருவி கண்டுபிடித்துவிடும். அவனுக்கும் எங்களுக்கும் வானம் ஒன்றுதான். அப்படியானால் கோளாறு கண்டுபிடிப்பதில் இல்லை, காட்டுவதில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கையில் இருப்பது அப்பாவின் கருவி!

அப்பா காலத்துக் காகித வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகளே கொஞ்சம் தள்ளித்தான் ஓடும். அந்தப் படத்தோடு ஒத்துப்போகும்படி கருவியை அமைத்து, தன் ஹாலிபட் இடங்களையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தார் மனுஷன். "இந்த அமைப்பை மாத்தினா என் இடமெல்லாம் நகர்ந்து போயிடும். எவனாவது கை வெச்சா கையை முறிப்பேன்," என்பார். அவர் போன பிறகும் எவனும் கை வைக்கவில்லை. எண் ஒன்றாக இருந்தாலும், பழைய படத்தில் ஓர் இடம், புதிய படத்தில் நூறு மீட்டர் தள்ளி வேறு இடம்.

"நம்ம திரையைப் பழைய படத்துக்கு மாத்துங்க! அதே எண்ணைத் திரும்ப அடிங்க!"

"மாத்தினா நம்ம இடமெல்லாம்..."

"வியாக்கியானம் அப்புறம். அடிங்க!"

புள்ளி தென்மேற்கே குதித்து, ஒரு பாறைத் திட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. ஹால்வார் முனையில் நின்று கழியால் ஆழம் பார்க்க, ஊர்ந்து ஊர்ந்து திட்டைச் சுற்றினேன். மார்பளவு தண்ணீரில் ஆரஞ்சு நிறச் சட்டை தெரிந்தது. காலரைப் பிடித்து இழுத்துப் போட்டோம். முதலில் முதுகில் ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மீட்புக் கப்பலுக்குச் செய்தி சொல்லிவிட்டு, கம்பளியைச் சுற்றி, காபியைக் கொடுத்தோம். கருவியை மட்டும் அவன் விடவில்லை.

"குடுடா. புதுப் படத்துக்கு மாத்தணும்."

"வேணாங்க்கா! அப்பாவோட இடமெல்லாம் போயிடும்!"

"போனாப் போகட்டும். ஹாலிபட் இல்லாம இருந்துக்குவேன். நீ இல்லாம முடியாதுடா."

பிடுங்கி அழுத்தினேன். மூவரும் திரையைப் பார்த்தோம். ஓரத்தில் இருந்த எண்கள் மட்டும் மாறின. அப்பாவின் இடங்கள் தீவுகளுக்கு நடுவே இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. அந்த அமைப்பு மாற்றுவது நாம் படிக்கும் எண்ணை மட்டும்தான், கருவிக்குள் இருக்கும் இடத்தை அல்ல.

"இவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டுவிட்டு, யூஸ்டைன் நடுங்கத் தொடங்கினான்.