எதிரொலி வந்த பக்கம்

ஊர்சினாவும் ரெட்டோவும் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள். சண்டை போடாத நாள் குறைவு. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் காற்று, கோள்களையெல்லாம் தாண்டிப் போய், விண்மீன்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயுவைத் தள்ளி ஒரு பெரிய குமிழியை ஊதி வைத்திருக்கிறது. அந்தக் குமிழியின் ஓரத்திலிருந்து சில அணுக்கள் திரும்பிப் பறந்து வரும். ஒரு செயற்கைக்கோள் அவற்றைப் பொறுக்கித் தர, இவர்கள் அதை வைத்து வானத்தைப் படமாக வரைவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு படம்.

அந்த வசந்தத்தில் வந்த படத்தில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"கருவி மக்கர் பண்ணுது. அழிச்சிட்டு அடுத்த வேலையப் பாரு," என்றான் ரெட்டோ, ரொட்டியை மென்றுகொண்டே.

"உனக்குப் புரியலேன்னா உடனே கருவி கெட்டுப்போச்சா?"

"எனக்குப் புரியாதது எவ்வளவோ இருக்கு. உன்னை எப்படி வேலைக்கு எடுத்தாங்கங்கறது அதுல ஒண்ணு."

அவள் சிரித்தாலும் அந்தப் புள்ளி மனசை விட்டுப் போகவில்லை. சூரியன் பக்கம் என்ன நடந்தது என்று பழைய பதிவுகளைத் துழாவினாள். ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்னால் சூரியக் காற்று திடீரென்று பலத்து வீசியிருந்தது. ஓரம் வரை போய்ச் சேர ஒரு வருஷம், அணுக்களாகத் திரும்பி வர இரண்டு வருஷம். கணக்கு பொருந்தியது.

"இது எதிரொலி, ரெட்டோ! எந்தப் பக்கம் ஓரம் கிட்ட இருக்கோ, அங்கேர்ந்து முதல்ல வருது."

"அப்படின்னா அடுத்த படத்துல பரவணும். பரவலேன்னா?"

"அழிச்சிடறேன். உன்கிட்ட மன்னிப்பும் கேக்கறேன்."

இலையுதிர் காலத்தில் அடுத்த படம் வந்தது. திறந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. புள்ளி நன்றாக விரிந்திருந்தது. சூரியன் நகர நகரக் குமிழி பின்னால் வால்போல நீளும் எதிர்த் திசை மட்டும் இன்னும் இருண்டு கிடந்தது. அங்கே ஓரம் வெகு தூரம்.

ரெட்டோ திரையில் விரலை வைத்தான்.

"கொஞ்சம் இரு. சூரியன் முன்னால போற திசை இது. எதிர்ல வர்ற வாயு அமுக்கறதால ஓரம் இங்கதானே ரொம்பக் கிட்ட இருக்கணும்? உன் புள்ளி ஏன் இதுக்குக் கீழ ஆரம்பிச்சுது?"

அவள் திரையருகே குனிந்தாள். "வெளியிலேர்ந்து ஏதோ ஒண்ணு சாய்வா அமுக்குதோ? அங்க இருக்கற காந்தப்புலமா?"

"சாய்வான்னா, எந்தப் பக்கமா?" என்று கேட்டபடியே அவன் சுவரிலிருந்த கரும்பலகையை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான்.