இடித்த அளவுக்கு ஒரு ஜன்னல்

"அந்தப் போட்டோவை மட்டும் எடுத்து உள்ள வச்சிடுங்கம்மா" என்றார் ஜமீல் பாய். வீட்டுத் தரகர். காட்டூரில் பாதி வீடுகள் தன் கை வழியாகத்தான் கைமாறின என்று அவரே சொல்லிக்கொள்வார். கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடு என் கணவர் அரவிந்தன் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்து அவர் சிரித்ததே கிடையாது. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில், இலையில் வந்து விழுந்த ஜாங்கிரியைப் பார்த்துச் சிரித்தபோது எடுத்த படம் அது. "வர்றவங்க படி ஏறினதும் மொதல்ல மாலைதான் கண்ணுல படுது. அது ஒரு மாதிரி இருக்கும்" என்றார் பாய். நான் மறுக்கவில்லை. என் மகள் யமுனா ஸ்டூலில் ஏறிக் கழற்றிக் கொடுத்தாள். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். புடவை எடுக்கப் போனால் கடை வாசலிலேயே நின்றுவிடுகிற மனிதருக்கு நல்ல தண்டனைதான்.

யமுனா ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். அவளுடைய எதிர்வாசல் வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஆவணி முடியும்வரை வேறு யாருக்கும் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்த வீடு விலைபோனால், நான் கதவைத் திறந்தால் மகள். போகாவிட்டால், அவள் இரண்டு பஸ் மாறி வருவதும், கிளம்பும்போது அழாத மாதிரி நடிப்பதும், நானும் அழாத மாதிரி டாட்டா காட்டுவதும் தொடரும். தனியாக இருக்கப் பயமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பயமெல்லாம் இல்லை. சாயங்காலமானால் ஒரு வார்த்தை பேச ஆளில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரமாக, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தோம். சமையலறைப் பிசுக்கைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தோம். பரண் மேலிருந்த அண்டா குண்டாவையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தினோம். ஆள் வருவதற்கு முன்னால் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் குழாயைத் திறந்து பார்ப்பார்கள் என்றார் பாய். அவர்கள் நுழைகிற நேரத்துக்கு டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். காபி வாசனை வருகிற வீட்டை யாரும் சட்டென்று வேண்டாம் என்று சொல்வதில்லையாம். மனிதர் டீ தவிர வேறெதுவும் குடிப்பதில்லை.

ஆனால் வந்தவர்களை வரவழைத்தது காபியும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கிழக்குப் பக்கத்து அறைதான். யமுனா தன் போனில் அதைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டிருந்தாள். முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து கதவு நிலையின் உயரம் வரை போகிற பெரிய ஜன்னல். காலையில் அந்த வழியாக வெயில் தரை முழுக்கப் பரவும். வெளியே பக்கத்துச் சந்தில் நந்தியாவட்டைச் செடி தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அந்த அறையைத்தான் கேட்டார்கள்.

என் கணவர் அந்த அறையில்தான் இறந்தார். போன ஐப்பசியில், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உப்பிலியபுரத்திலிருந்து அவருடைய அண்ணன் சின்னையா மாமா வந்து இறங்கியதும் தம்பி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். சதயம். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு என்பது வழக்கம். உயிர் போன அறையைப் பூட்டிவைத்து வாசலில் விளக்கேற்ற வேண்டும். உடலையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. இதெல்லாம் யார் இப்போது பார்க்கிறார்கள் என்று யமுனா கேட்டாள். "நான் பார்க்கிறேன்" என்றார் மாமா. யாரோ ஓடிப் போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். அந்த அறையில் அப்போது இருந்தது சின்ன ஜன்னல். அதைப் பெயர்த்து எடுத்து, கீழே முழங்கால் உயரம் வரை சுவரை இடித்து, அந்த வழியாக அவரைச் சந்துக்குக் கொண்டுபோனார்கள். கடப்பாறை விழுகிற ஒவ்வொரு தடவையும் கூடத்தில் உட்கார்ந்திருந்த என் முதுகில் விழுந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை.

ஆறு மாதம் அந்த இடத்தைத் தகரம் வைத்து மூடியிருந்தோம். சித்திரையில் அடைப்பு முடிந்து, சாந்தி செய்து அறையைத் திறந்தபோது அதே கொத்தனார் வந்து, பழைய ஜன்னலையே வைத்துச் சுவரை எழுப்பிவிடட்டுமா என்று கேட்டார். செங்கல்லைக்கூட இறக்கியாகிவிட்டது. அவர் போன வழியை என் கண் முன்னால் ஒவ்வொரு கல்லாக வைத்து அடைப்பார்கள் என்று நினைத்தேன். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. "வேணாம். இடிச்ச அளவுக்கே ஒரு ஜன்னல் வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். யமுனாவுக்குக்கூட அன்றைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் பார்க்க வந்தவர் ஒரு பெரியவர். வையம்பட்டிப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர், மகனுக்காக வீடு தேடினார். அறையைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சந்துப் பக்கம் போய் வெளிச்சுவரைப் பார்த்தார். ஜன்னலைச் சுற்றி மட்டும் புதுப் பூச்சு. அதை விரலால் தடவிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்ன நட்சத்திரம்மா?" என்று கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று மரியாதையாகத்தான் போனார். காபி ஆறிப்போயிற்று.

மறுநாளே யமுனா ஆள் வைத்துச் சந்துப் பக்கச் சுவர் முழுவதற்கும் ஒரே வர்ணம் அடித்தாள். புதுசு எது, பழசு எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெள்ளைத் திரை வந்தது. அறை மூலையில் ஒரு சின்ன மேஜையும், அதன் மேல் யாரும் படிக்காத இரண்டு புத்தகங்களும் வந்தன. "யாராவது கேட்டா சொல்லுவோம். கேக்காதவங்ககிட்ட நாமளா எதுக்கும்மா சொல்லணும்?" என்றாள். ஜமீல் பாயும் அவள் கட்சிதான். "உங்க வழக்கத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா ஆறு மாசம்னு கணக்கு, ஆறு மாசம் ஆயிடுச்சு. முடிஞ்சதை எடுத்து நாமளே ஏன் நீட்டணும்?" நியாயமான பேச்சு. எனக்கும் ஸ்ரீரங்கம் போக வேண்டும். சரி என்றேன்.

ஆவணி கடைசி வாரத்தில் சித்தார்த்தும் தேன்மொழியும் வந்தார்கள். அவன் ஏதோ கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறான். அவள் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவள் இடுப்பில், தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. இதுவரை வந்தவர்களில் குழாயைத் திறக்காதவர்கள் இவர்கள்தான். நேராகக் கிழக்கு அறைக்குள் போய் நின்றார்கள். காலை வெயில் சொல்லி வைத்த மாதிரி தரையில் விழுந்து கிடந்தது. தேன்மொழி குழந்தையை இறக்கிவிட்டாள். அது வெயிலைப் பிடிக்கிற மாதிரி கையால் தட்டிக்கொண்டே ஜன்னலை நோக்கித் தவழ்ந்தது.

"இங்கதாங்க உன் மேஜை" என்று தேன்மொழி கணவனிடம் சொன்னாள். பாதி மரியாதையும் பாதி ஒருமையுமாகப் பேசுகிற ஜோடி. எனக்குப் பிடித்திருந்தது. அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், சிரித்தான். ஜமீல் பாய் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் கண்ணை மூடித் திறந்தார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். என் மனசு அந்த நிமிஷமே ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டது. எதிர்வாசல் கதவைத் தட்டி, காபிப்பொடி இருக்கா என்று யமுனாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மத்த ரூம்ல எல்லாம் ஜன்னல் சின்னதா இருக்கு. இது மட்டும் எப்படி ஆன்ட்டி இவ்வளவு பெருசு? யாரோட ஐடியா?" என்று தேன்மொழி கேட்டாள்.

"அப்பாவோட ஐடியாதான்" என்றாள் யமுனா, சட்டென்று. "அப்பாவுக்கு வெளிச்சம்னா ரொம்பப் பிடிக்கும்."

மற்ற எதுவாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இருபது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் வேலை பார்த்தவர் அவர். பகலில் தூங்குவதற்காக அந்தச் சின்ன ஜன்னலிலும் பேப்பர் ஒட்டி வைத்திருந்தார். ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும், "பிரேமா, அந்தக் கதவைச் சாத்துறியா" என்று கத்துவார். மாலையை எடுத்தாயிற்று, படத்தை எடுத்தாயிற்று, அவர் போன வழிக்கு வர்ணமும் அடித்தாயிற்று. இப்போது அவரையே வேறு ஆளாக்கி விற்கிறோம். எனக்கு அவர் மேல் அவ்வளவு பாசம் பொங்கியது, கூடவே அவ்வளவு கோபமும்.

"இல்லம்மா" என்றேன். "அவருக்கு வெளிச்சமே ஆகாது. இருட்டுலதான் தூங்குவாரு."

யமுனா என் கையைப் பிடித்தாள். நான் நிறுத்தவில்லை. இதே அறையில் இறந்தார் என்பதைச் சொன்னேன். சதயம் என்றேன். சுவரை இடித்து எடுத்துப் போனதை, இடித்த அளவுக்கே ஜன்னல் வைக்கச் சொன்னதை, ஏன் வைக்கச் சொன்னேன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி விஷயத்தைக் கேட்டதும் யமுனா என் கையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஜமீல் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி வெயில்ல நிக்குது" என்று முனகிவிட்டு வெளியே போனார்.

சித்தார்த் சுவரிலிருந்து கையை எடுத்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். "அடைப்பெல்லாம் முடிஞ்சிடுச்சா ஆன்ட்டி?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். "எங்க அம்மா கேட்டா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "பாப்பாவைத் தூக்கு" என்றான்.

குழந்தை அதற்குள் ஜன்னல் திண்டைப் பிடித்து எழுந்து நின்றிருந்தது. அந்த உயரம் அதற்குச் சரியாக இருந்தது. இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி மடக்கி எம்பியது. சந்தில் ஒரு அணில் நின்று அதைப் பார்த்தது. குழந்தை "ஆ" என்றது. தேன்மொழி போய்ப் பின்னால் குனிந்து அதன் அக்குள்களில் கை கொடுத்தாள். தூக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தூக்கவில்லை. விழாமல் பிடித்துக்கொண்டு, அப்படியே குனிந்தபடி, அவளும் வெளியே பார்த்தாள்.