காறை எலும்புக்குப் பின்னால்

அண்ணன் செத்து மூன்று வருஷம் ஆகியும் அண்ணிக்கு அவன்மேல் இருந்த கோபம் ஆறவில்லை. மற்ற வீடுகளில் போனவர் படத்தைச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டுவார்கள். இந்த வீட்டில் அது துணி அலமாரிக்குள், போர்வைகளுக்கு அடியில், குப்புறக் கிடந்தது. போர்வை எடுக்கும்போதெல்லாம் அண்ணி அதை ஒரு பிடி பிடிப்பாள்.

அன்று காலையும் பிடித்தாள். “செத்ததுக்காகக் கூட நான் கோவப்படல. எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். ‘டாக்டர்கிட்ட காட்டிட்டேன், சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க’ன்னு என் மேல சத்தியம் பண்ணினாரு பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியல. என் மேல! வாய் கூசாம பொய் சத்தியம். நாமெல்லாம் அவருக்கு அவ்வளவுதான்.”

எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள் நாத்தனார், செத்தவனின் தங்கை. மறுத்துப் பேச என்ன இருக்கிறது? அவளுக்கும் அதே வயிற்றெரிச்சல்தான். அவளே எக்ஸ்ரே படம் பார்க்கிற டாக்டர். அண்ணன் இருமத் தொடங்கியதுமே, “வந்து ஒரு படம் எடுத்துட்டுப் போண்ணா” என்று போனில் கத்தியிருக்கிறாள். அவன், “அதெல்லாம் வேற எடத்துல எடுத்தாச்சு” என்றான். எங்கே என்று கேட்டால், “சொல்ல மாட்டேன். நீ போய் அவங்கள நோண்டுவே” என்று சிரித்தான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மாதத்துக்கு ஒரு தரம் சத்தியம் செய்கிறவன் பேச்சை யார் நம்புவது? கடைசியில் நோய் முற்றிப் படுத்தபோது, “இப்பவாவது சொல்லுங்க, எங்க காட்டினீங்க?” என்று அண்ணி உலுக்கினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் போன பிறகு தங்கை தன் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணியோடு வந்துவிட்டாள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு செத்த மனிதனைத் திட்டிக்கொண்டே குடித்தனம் நடத்தினார்கள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நடந்தது அதுதான்.

ஆபீசில் தங்கைக்குப் பெயர் வடிகட்டி. நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். அங்கே ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் சந்தேகப்படும்படி நிழல் ஏதாவது இருந்தால், ‘இங்கே பாருங்கள்’ என்று டாக்டருக்குக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள். அதற்குக் கற்றுக்கொடுக்கப் படங்கள் வேண்டும். படமும் தந்து, கூட உட்கார்ந்து ஆராய்ச்சியும் செய்ய ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். வந்து குவிந்த ஆஸ்பத்திரிகளை மூன்று பேர் கமிட்டி சலித்தது. ஒரு தலைவர், மென்பொருளை எழுதும் பொறியாளர், அப்புறம் இவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவாள், ஒரு தூசி தாண்டாது. பெயர் பொருத்தம்தான்.

அவள் போட்ட நிபந்தனைகள் இரண்டு. முதலாவதைக் கேட்டதுமே பாதி ஆஸ்பத்திரிகள் ஓடிப்போயின. ‘நீங்கள் சரியாகச் சொன்ன படங்களை அனுப்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அனுப்புவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி, பின்னால் நோய் என்று தெரிந்த படங்களை அனுப்புங்கள்.’ மனிதக் கண் எங்கே ஏமாறுகிறதோ அங்கேதானே மெஷின் வேண்டும் என்பது அவள் வாதம். இரண்டாவது, படங்கள் பெயரோ தேதியோ இல்லாமல் வரவேண்டும். அப்படியும் ஒரு படம் இன்னாருடையது என்று கமிட்டியில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால்கூட அந்த ஆஸ்பத்திரி அந்த நிமிஷமே வெளியே. பேச்சுக்கே இடமில்லை.

கடைசியில் இரண்டு ஆஸ்பத்திரிகள் நின்றன. ஒன்று முகப்பெல்லாம் கண்ணாடி பதித்தது. அவர்கள் அனுப்பிய தவறுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவையும் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாதவை. ‘இவ்வளவு பொடியைத்தான் நாங்கள் தவறவிடுவோம்’ என்று பீற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. மற்றது நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த பழைய ஆஸ்பத்திரி. ஈரம் ஏறிச் சுவரில் பெயின்ட் உரிந்த கட்டடம். அவர்கள் தவறுகளை ஒரு குவியலாகவே அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. புற்றுநோய் என்று தெரியவந்தவர்கள் யாராவது முன்பு தங்களிடம் படம் எடுத்திருந்தால், அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமைதோறும் எல்லா டாக்டர்களும் கூடி, எங்கே கோட்டை விட்டோம் என்று பார்ப்பார்கள்.

“கண்ண மூடிக்கிட்டு இவங்களப் போட்டுடலாம் மேடம்” என்றார் பொறியாளர். “காறை எலும்புக்குப் பின்னால நிழல் ஒளிஞ்சா நம்ம மெஷினுக்குத் தெரியவே மாட்டேங்குது. அந்த மாதிரிப் படம் இவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. கண்ணாடிக்காரங்களோட போனா ஜோரா ஒரு குருட்டு மெஷின் பண்ணலாம்.”

“கண்ண மூடிக்கிட்டுப் போடறதுக்கு என்னை எதுக்குக் கமிட்டியில வச்சிருக்கீங்க?” என்று சொல்லிவிட்டு அவள் குவியலோடு இருட்டறைக்குள் போனாள்.

பாதிக் குவியல் தாண்டியிருப்பாள். ஒரு படத்தில் வலது பக்க விலா எலும்பு ஒன்று நுனியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான். வேலைக்குச் சேர எடுத்த படத்தை அவன் கொண்டுவந்து காட்டியபோது, “என்னண்ணா, எலும்பு வாங்கப் போன எடத்துல உனக்கு மட்டும் கொசுறு போட்டிருக்காங்க” என்று கேலி செய்திருக்கிறாள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கண் மேலே போயிற்று. கழுத்துக்குக் கீழே தோள் வரை போகிற இடது காறை எலும்பு எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடி, நடுவில் ஒரு முண்டு வைத்திருந்தது. இறக்கத்தில் அண்ணன் விட்ட சைக்கிள். பின்னால் அவள். சரிந்து விழும்போது அவளைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு எலும்பு போயிற்று.

கவட்டை விலா மட்டும் என்றால் வேறு யாராவது என்று விட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து ஒருவனுக்குத்தான் உண்டு. படத்தோடு வந்த குறிப்பு, ‘ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டார், எட்டு மாதம் கழித்து நோய் உறுதி’ என்றது. முண்டுக்குப் பின்னால், கோலிக்குண்டு அளவுக்கு, அந்த நிழல் இருந்தது. அந்த அளவில் வெட்டி எடுத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பான்.

அப்படியென்றால் அண்ணன் போயிருக்கிறான். தங்கை திட்டுவாளே என்று பயந்து நகரத்தின் அந்தக் கோடிக்குத் தனியாகப் போய், சட்டையைக் கழற்றி, மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறான். சுத்தமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை அப்படியே வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். ஆயுளில் அவன் செய்த சத்தியங்களில் உண்மையான ஒன்றே ஒன்றை இரண்டு பெண்களும் நம்பவில்லை. நோய் தெரிந்த பிறகு ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லியிருந்தால் தங்கை போய் அதை இரண்டாக்கியிருப்பாள். சாகக் கிடந்தவனுக்கு அந்தச் சண்டையைப் பார்க்கத் தெம்பில்லை. பொய்யன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். இருட்டறையில் அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பழைய ஆஸ்பத்திரியின் மூத்த டாக்டர் கமிட்டி முன் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைக் காலர் நைந்திருந்தது. அவள் தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இந்த ஆளை இன்று உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது. அண்ணனின் எக்ஸ்ரே படத்தைச் சுவர்த் திரையில் போட்டாள்.

“இதப் பாத்தது யாரு?”

“நான்தான்.” அவருக்கு இரண்டாம் தரம் பார்க்கத் தேவைப்படவில்லை. “இந்தப் படத்த நான் மறக்கவே மாட்டேன்மா. அந்த முண்டு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அவரையே உள்ள கூப்பிட்டுக் கேட்டேன். சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்தேன்னாரு. தங்கச்சி பின்னால இருந்தா, நல்லவேளை அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன். கதை சரியா இருந்துச்சு, அதனால படத்த மறுபடியும் பாக்கல.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“அவங்க வீட்டுல சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன் சொல்லல?” குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி ஒரு வீட்டுல சொன்னோம். பெரிய ரகளையாப் போச்சு. அந்தப் படத்தப் பாத்த சின்னப் பொண்ணு, நல்ல டாக்டர், வேலைய விட்டே போயிட்டா. அப்புறம் மாசக்கணக்கா சனிக்கிழமை கூட்டத்துக்கு யாரும் ஒரு படம் கொண்டு வரல. தப்பு நின்னு போகல, காட்டறது நின்னு போச்சு. அதுலேருந்து சொல்றதில்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நியாயம்னு நான் சொல்லலம்மா. அந்த வீட்டுக்காரங்க முன்னாடி நின்னா எனக்குப் பேச வாய் இருக்காது.”

அந்த வீட்டுக்காரி எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ‘அந்தத் தங்கச்சி நான்தான்’ என்று ஒரு வார்த்தை போதும். அவள் போட்ட நிபந்தனையே அவரை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். போர்வைக்கு அடியில் கிடக்கிறவன் எழுந்து கூடத்துக்கு வருவான். அண்ணிக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான்.

அப்புறம் கண்ணாடி ஆஸ்பத்திரிக்காரர்கள் வருவார்கள். மெஷின் காறை எலும்புக்குப் பின்னால் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே ஊர் ஊராகப் போகும். எவனோ ஒருவன் இருமிக்கொண்டு வந்து மூச்சைப் பிடித்து நிற்பான். இவர்களுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்ட பிறகு எந்த ஆஸ்பத்திரியும் தன் தவறை இன்னொருவர் கண்ணில் காட்டாது. சரி, அண்ணியிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னால்? அண்ணியை அவளுக்குத் தெரியாதா? பொழுது விடிந்தால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். நிற்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. வெளியே சொன்னால் என்ன, வீட்டுக்குள் சொன்னால் என்ன, இரண்டும் ஒன்றுதான்.

“வேற ஏதாவது கேக்கணுமா மேடம்?” என்றார் தலைவர்.

அவள் திரையைப் பார்த்தாள். கவட்டை விலா, கோணல் எலும்பு, அதற்குப் பின்னால் அந்த நிழல்.

“இல்ல” என்றாள். “எனக்கு இவங்க சம்மதம்.”

பொறியாளருக்குத் தலைகால் புரியவில்லை. வடிகட்டியே இவ்வளவு சுலபத்தில் விட்டுவிட்டாளே என்று தலைவர் காதில் கிசுகிசுத்தார். மூத்த டாக்டர் எழுந்து வந்து கையை நீட்டினார். அவள் மேஜைமேல் இருந்த படங்களைத் திரட்டுகிற சாக்கில் அந்தக் கையைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அலமாரி காலியாக இருந்தது. போர்வைகளையெல்லாம் வெயிலில் உலர்த்தி எடுத்துவந்து கட்டில்மேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள் அண்ணி. அண்ணன் படம் தலையணைமேல் மல்லாந்து கிடந்தது. அதிசயமாக அண்ணி திட்டிக்கொண்டிருக்கவில்லை.

“வந்துட்டியா, உக்காரு. இந்தப் படத்தத் தொடைக்கும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இருமல் ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் சீக்கிரமே வந்துட்டாரு. கையில ஒரு கேக்கு. யாருக்குப் பொறந்தநாள்னு கேட்டா, எனக்குத்தான்னாரு. அவருக்குப் பொறந்தநாளே இல்ல அன்னிக்கு. சமையல்கட்டுல என் கையப் புடிச்சு ஒரு சுத்து சுத்தினாரு, பாத்திரமெல்லாம் உருண்டு போச்சு. அப்பதான் அந்தச் சத்தியத்தப் பண்ணினாரு. நான் நம்பல. கூத்தடிக்காதீங்க, மொதல்ல போய்க் காட்டிட்டு வாங்கன்னு எரிஞ்சு விழுந்தேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு மனுஷனுக்கு.”

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

அண்ணி மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். “பொய் சொல்றவருக்கு அப்படிச் சிரிக்க வருமா? ஏம்மா, ஒருவேளை நெஜமாவே போய்க் காட்டியிருப்பாரோ? நான்தான் அநியாயமா அவரை வையறேனோ? நீ டாக்டர், நீ சொன்னா நான் கேட்டுக்கறேன். அப்பவே படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?”

சொல் சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டில்மேல் அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சிருக்கும் அண்ணி” என்றாள். “அண்ணன் போய்க் காட்டியிருக்க மாட்டாரு.”

அண்ணி மடியிலிருந்த போர்வையைக் கட்டில்மேல் போட்டாள். பிறகு, “அதானே” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். படத்தை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் குப்புறப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அவள் கட்டிலிலிருந்து போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அண்ணி அவற்றை அவன்மேல் அடுக்கினாள்.