முழுத் தூக்கத்தையும் கோத்தவன்

கரடிச்சோலை ஓடையில் மார்கழியும் தையும் ட்ரவுட் மீனுக்குத் தூக்கத்தைத்தான் இரையாகக் கோப்பார்கள். உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிற காலத்தில் பூச்சிக்கு எங்கே போவது? ஓடை என்னவோ ஒரு எட்டில் தாண்டிவிடக் கூடியதுதான். அதிலிருக்கிற மீனுக்கு நாக்கு மட்டும் ஜமீன்தார் நாக்கு.

காலையில் எழுந்ததும் கண்ணில் ஒட்டியிருக்கும் தூக்கத்தில் ஒரு விரற்கடை கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். மீன் மாட்டினால் வயிற்றைக் கீறி, இரையைத் திரும்ப எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம். தூண்டில் நரம்பு அறுந்தால் அந்தத் துண்டு போச்சு. விழுங்கிய மீன் அதைச் செரிக்காது, சாகிற வரைக்கும் வயிற்றிலேயே வைத்திருக்கும். ஆனாலும் ஒரு விரற்கடை போனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

பெயிண்டர் பிலவேந்திரன் முழுத் தூக்கத்தையும் கோத்துவிட்டான். பாலத்தடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைப் பார்த்ததுதான் காரணம். ‘பேராசை பெருநஷ்டம்’ என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைப் போன வருஷம் வெள்ளையடித்து மறைத்தவனே அவன்தான். நரம்பு அறுந்தது. மீன் அவனுடைய தூக்கத்தோடு பாறைக்கு அடியில் போய்விட்டது.

தூக்கம் போனவனுக்கு நாற்பது நாள் தவணை உண்டு. நாற்பதாவது நாள் காலையில் தபாலில் காவல் வேலை உத்தரவு வரும். கீழே சமவெளியில் கிடங்கு, மில், ஏடிஎம் வாசல்களில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கரடிச்சோலைக்காரர்கள்தான். போனவர்கள் திரும்பி வந்ததில்லை. பிலவேந்திரன் அமலோற்பவத்தைக் கல்யாணம் பண்ணி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளை விட்டுவிட்டு ஏதோ ஒரு வாசலில் உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். சமையலறைக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தான். கோழிக்கூட்டுக்கு அடித்தான். அமலோற்பவம் தடுத்திருக்காவிட்டால் கோழிக்கும் அடித்திருப்பான்.

போன தூக்கத்தைப் பிடிக்கவும் தூக்கம்தான் வேண்டும். பக்கத்து வீட்டுத் தூக்கம் செல்லாது, சொந்த வீட்டுத் தூக்கம் மட்டுமே செல்லும். அதனால் அமலோற்பவம் தினமும் காலையில் தன்னுடையதில் கிள்ளிக் கொடுத்தாள். அவனும் தினமும் அதைத் தொலைத்துவிட்டு வந்தான். ஏற்கனவே பதற்றத்தில் இருப்பவன் கையில் தூண்டில் நிற்குமா? முப்பத்தொன்பதாவது நாள் அவளிடம் ஒரு கைப்பிடிதான் மிச்சமிருந்தது. அதை அப்படியே சுருட்டி நீட்டினாள்.

“முழுசாவா?” என்றான்.

“துண்டு துண்டா குடுத்து என்ன ஆச்சு? இதையும் விட்டுட்டீங்கன்னா நானும் ஸ்டூல் தூக்க வேண்டியதுதான்.”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே வாசல்ல உக்காந்துக்கலாம்.”

“ஒரு வாசலுக்கு ரெண்டு பேரை எவன் போடுவான்? பேசாம போய் மீனைப் பிடிங்க.”

பாலத்தடியில் வாட்சர் போஜன் நின்றிருந்தார். ஓடையில் மீன் பிடிக்கிறவர்களின் பாஸைப் பார்ப்பது அவர் வேலை. ஐந்து பனிக்காலத்துக்கு முன்னால் தூக்கத்தைத் தொலைத்தவர். அதிர்ஷ்டக்காரர், உள்ளூரிலேயே போஸ்டிங் கிடைத்துவிட்டது. முப்பத்தெட்டு நாளும் பார்த்த அதே பாஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “போடு தம்பி” என்றார்.

பிலவேந்திரன் மனைவியின் தூக்கத்தை முள்ளில் கோத்து, நிழல் விழாத பக்கமாக மண்டியிட்டுப் போட்டான். பதினோரு மணி வாக்கில் வெயில் பாறையைத் தொட்டபோது நரம்பு விண்ணென்று இழுத்தது. இழுத்து, விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்து, கடைசியில் சட்டையோடு தண்ணீரில் விழுந்து, மீனைக் கட்டிப்பிடித்துக் கரையேற்றினான்.

வயிற்றைக் கீறினால் உள்ளே இரண்டு தூக்கம் இருந்தது. பவுடர் வாசம் அடித்தது அமலோற்பவத்தினுடையது. இன்னொன்று கருப்பாக, கனமாக, நாலாக மடித்து இருந்தது. அவனுடையது அப்படி இருக்காது. அவன் எதையும் மடிக்கிற ஆளில்லை. வேறு மீனைப் பிடித்துவிட்டோம் என்று புரிந்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

போஜன் குனிந்து மோந்து பார்த்தார். “என்னுது” என்றார்.

“எடுத்துக்குங்கண்ணே.”

போஜன் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். “எடுத்தா தூங்கிருவேன். தூங்கினா வேலை போயிரும். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நீ தூங்கு தம்பி. அடுத்தவன் தூக்கம் இரைக்குத்தான் செல்லாது, தூங்கறதுக்குச் செல்லும். கிழிக்காம தூங்கு.”

போஜனின் தூக்கம் அவனுக்கு அளவு கொஞ்சம் பெரியதாக இருந்தது. அமலோற்பவம் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். தன்னுடையதைத் தானும் வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். மறுநாள் காலை உத்தரவோடு வந்த தபால்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிலவேந்திரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவர் உறையின் மேல் ‘ஆள் தூங்குகிறார்’ என்று எழுதித் திருப்பி எடுத்துப் போனார்.

அவன் எழுந்தபோது மணி பத்து. வாசலில் போஜன் நின்றிருந்தார். பாஸ் பார்க்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை. செருப்பை ஒருமுறை கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தம்பி, தூக்கத்துக்குள்ளே மாதி இருந்தாளா?”

மாதி அவருடைய மனைவி. அவர் தூக்கத்தைத் தொலைத்த அடுத்த மாதம் செத்துப்போனாள். மற்றவர்களுக்குச் செத்தவர்கள் அவ்வப்போது கனவிலாவது வந்துவிட்டுப் போவார்கள். இவருக்கு அந்த வழியும் இல்லை.

“இருந்தாங்கண்ணே. அடுப்புல வெந்நீர் போட்டுட்டு இருந்தாங்க. அந்த மனுஷன் அஞ்சு வருஷமா எங்கதான் போனாருன்னு சத்தம் போட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஓடையில டூட்டின்னு சொன்னேன்.”

“சரியாத்தான் சொல்லிருக்கே” என்றார் போஜன்.

பிலவேந்திரன் உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல்நிற ஸ்வெட்டரை எடுத்து வந்தான். “இதைக் குடுக்கச் சொன்னாங்க. இடது கை இன்னும் முடியலையாம். இன்னைக்குப் பின்னி வெக்கிறாங்களாம்.”

போஜன் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு, பித்தானைக் கழுத்துவரை போட்டார். கையில்லாத பக்கம் தோளிலிருந்து ஒரு நூல் தொங்கியது. அதை அறுக்காமல் உள்ளே செருகினார்.

“நேரத்தோட படுத்துரு தம்பி” என்று சொல்லிவிட்டு, பாஸ் பார்க்க ஓடைக்கு இறங்கிப் போனார்.